மதாம் மேற்பார்வைக்கு வருகிறார்

கூச்சத்தோடு உள்ளே வந்து கோபத்தோடு வெளியே போகிறவர்களை வைத்தே நடக்கும் தொழில் ஒன்று உண்டென்றால், அது சமூக நலத் தொழில்தான். அந்தத் துறையில் காரைக்கால் வட்டாரம் பூராவும் முதலில் சைக்கிள் மிதித்தேன், அப்புறம் மொபெட் ஓட்டினேன், கடைசியில் ஓய்வு பெற்றேன். ஓய்வு என்று பேர்தான். இப்போது நெடுங்காட்டில், பழைய நெல் கிடங்கு ஒன்றைச் சுண்ணாம்பு அடித்து, நாலைந்து பேர் சேர்ந்து வயதானவர்களுக்கு ஒரு பகல் வீடு நடத்துகிறோம். காலையில் வருவார்கள், மதியம் சாப்பிடுவார்கள், வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்குப் போவார்கள். நடுவில் என்னைத் திட்டுவார்கள்.

என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டுமாம். எந்தப் பாதி என்று நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் என் புளுகு ஒன்று அம்பகரத்தூர் வரை போய், காளியைக் கும்பிட்டுவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பிவிடும். கொடுக்கிற பக்கம் உட்கார்ந்து முதுகு வலித்தவர்களே, வாங்குகிற பக்கம் நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பாதியை நம்புங்கள், போதும்.

நீலப் பூத் தட்டு

ஜோஸ்பின் அம்மாவை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். "மாத்துறதுதான் மாத்துறீங்க, நல்ல பிரெஞ்சுப் பேரா வைங்க" என்பது அவர் போட்ட நிபந்தனை. எண்பது வயது. காரைக்கால் டவுனில் பழைய மாடி வீடு ஒன்றில் தனியாக இருக்கிறார். மாடிக்குப் போகப் படிக்கட்டு உண்டு, மாடிதான் இல்லை, இடிந்துவிட்டது. டவுனிலேயே சும்மா சாப்பாடு போடும் இடங்கள் இருக்கின்றன. அதையெல்லாம் தாண்டி, பஸ் ஏறி, எங்கள் நெடுங்காட்டுக்கு வருவார். தெருவில் யாராவது கேட்டால், "மேற்பார்வைக்குப் போறேன்" என்பார். இஸ்திரி போட்ட புடவை, தோல் கைப்பை. கைப்பைக்குள், பூந்துவாலையில் சுற்றிய பீங்கான் தட்டு ஒன்று. விளிம்பில் நீலப் பூ. பந்திக்குப் பரிமாறுவதற்கு முன்பே அந்தத் தட்டில் முதல் சோற்றை வாங்கிக்கொண்டு, பந்தியில் உட்காராமல், அடுப்படி ஓரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

வந்த முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. "வாங்க மதாம், மேற்பார்வைக்கு ஆள் இல்லாமத்தான் தவிச்சுக்கிட்டிருந்தோம்" என்றேன். ஒரு நொடி என் முகத்தையே பார்த்தார். பிறகு, "ரசத்துல புளி தூக்கல்" என்றார். உத்தியோகம் அத்தோடு உறுதியாகிவிட்டது. ஆனால் காத்தமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. காத்தமுத்து, நடவும் அறுப்புமாக வயலிலேயே முதுகு வளைந்தவர். நாக்கு மட்டும் இன்னும் நிமிர்ந்தே இருக்கிறது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் முதுகைக் காட்டி, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார்: "ஏங்க, எங்க மூஞ்சியப் பாத்தா அவங்களுக்குச் சோறு எறங்காதாங்க?"

குளிர் வராத கம்பளி

எங்கள் சமையல்காரர் பக்கிரிசாமி. ஆபீசில் எனக்கு டவாலி போட்ட பியூனாக இருந்தவர், இப்போது கரண்டி பிடித்த மேலதிகாரி. அவருக்கும் ஒரு சந்தேகம். "டவுன்ல மாடி வீட்டு அம்மா சார். நெசமாவே கஷ்டம்தானான்னு ஒரு வார்த்தை விசாரிச்சுட்டா நல்லதில்லையா?" என்றார். விசாரிப்பதாவது! எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவர் சொன்ன பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதையை அவருக்கு எடுத்துவிட்டேன். அவரும் என்னைப் போலத்தான், பாதிக் கணக்கு.

அப்போதெல்லாம் ஏழைக்கு உதவி வேண்டுமென்றால் மேரி வாசலில் நிற்க வேண்டுமாம். மேரி என்றால் மேயர் ஆபீஸ். 'ஆமாம், இவன் ஏழைதான்' என்று அக்கம்பக்கத்தார் நாலு பேர் சாட்சி சொல்ல வேண்டும். அப்படிச் சாட்சி வாங்கித் தேறினவர்களுக்கு ஒரு வருஷம் பாரீஸிலிருந்து கப்பலில் உதவி வந்தது. பிரித்துப் பார்த்தால் அத்தனையும் கம்பளி. ஏழை என்றால் நடுங்குவான் என்று அங்கே யாரோ ஒரு துரை முடிவு செய்திருக்கிறார். நடுங்கத்தான் செய்வான், ஆனால் சித்திரை வெயிலில் காரைக்காலில் நடுங்க முடியுமா? பேண்டு வாத்தியம் முழங்க எல்லாரையும் கம்பளி போர்த்தி நிற்க வைத்து, துரை பேசி முடிக்கும் வரை போர்வையை எடுக்கக் கூடாது என்று உத்தரவு. இரண்டு பேர் அவிந்தே போனார்கள் என்பார் அவர். ஒருவரைத்தான் நான் நம்புகிறேன். கொடுக்கிறவன் தன் மனதிலுள்ள ஏழைக்குத்தான் கொடுக்கிறான், எதிரே நிற்கிறவனுக்குக் கொடுப்பதில்லை. எங்கள் தொழிலின் ஆதி வியாதி அது. கடைசியில் துரை உருகிப்போய், 'இன்னும் என்ன வேண்டும், கேள்' என்று மொழிபெயர்க்கும் துபாஷியை விட்டுக் கேட்க, வேர்த்து ஒழுக நின்ற செம்படவர் ஒருவர் சொன்னாராம்: "கம்பளி வந்துருச்சு சாமி. அடுத்த கப்பல்ல குளிரையும் அனுப்பி வைக்கச் சொல்லுங்க."

ஒரே வீட்டில் இரண்டு தேசம்

நான் கேட்காததை ஜோஸ்பின் அம்மாவே ஒரு நாள் சொன்னார். பஸ் வராத சாயங்காலம், ஸ்டாப்பில் நாங்கள் இருவர் மட்டும். பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்கு ஊர் கைமாறிய காலத்தில், பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பியவர்கள் அப்படிச் சொல்லிக் கையெழுத்துப் போடலாம் என்று இருந்தது. அவர் வீட்டுக்காரரின் தம்பி போட்டார்; பட்டாளத்தில் சேர்ந்தார், பாரீஸில் வீடு வாங்கினார், பென்ஷன் வாங்கினார். அண்ணன் போடவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு வாத்தியார். 'காரைக்கால்ல பாடுறதுக்குப் பாரீஸ் எதுக்கு' என்று சிரித்தாராம். சம்பளம் குறைவு, பென்ஷன் கிடையாது. பிள்ளையும் இல்லை. தம்பி ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும், 'அண்ணே, தப்புப் பண்ணிட்டியோ?' என்று கேட்பார். அண்ணனும் போய்விட்டார், தம்பியும் போய்விட்டார். கேள்வி மட்டும் குடும்பத்தில் உயிரோடு இருக்கிறது.

முதியோர் உதவிக்கு எழுதிப் போடலாமே என்று நான் ஜாடையாகச் சொன்னேன். "தெருவுல வந்து விசாரிப்பாங்க. தெருவுக்குத் தெரிஞ்சா பாரீஸுக்குத் தெரியும்" என்றார். தூரத்தில் பஸ் விளக்குத் தெரிந்தது. எழுந்து புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "என் பசி என்னோட போகட்டுங்க. அவர் எடுத்த முடிவு தப்புன்னு மட்டும் யாரும் சொல்லிடக் கூடாது."

எள் சாதம்

இது நான் வேலையில் இருந்தபோது. திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டத்தில் வயதானவர்கள் தொலைந்து போவார்கள். தேடிச் சேர்த்துவைக்க எங்களையும் போடுவார்கள். அன்றைக்கு என் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஓரமாக ஒரு படியில் உட்கார்ந்து பின்னூசி தேடிக்கொண்டிருந்தேன். குளத்தில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்த வெளியூர்க்காரர் ஒருவர், எள் சாதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "நான் கவர்மெண்டு ஆபீசருங்க" என்றேன். "பரவாயில்ல சார்" என்றார்.

பாவம், அவருக்கு வேறு வழியில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் காலையிலிருந்து வாங்கித் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். 'வயிறு கொள்ளலைங்க, வேற ஆளப் பாருங்க' என்று ஒவ்வொருவராகக் கையை விரிக்க, மனிதர் பொட்டலத்தோடு அலைந்து, கண் கலங்கி நின்றார். யார் கேட்கிறவர், யார் கொடுக்கிறவர்? இரண்டு கையாலும் வாங்கி, "நல்லா இருங்க" என்று ஆசீர்வாதமும் செய்தேன். என் காலில் விழுந்து எழுந்து, ஏழரை வருஷத்துப் பாரத்தையும் இறக்கி வைத்தவர் போல ஓடினார். அவர் இறக்கியது என் மேல் ஏறியது; அடுத்த வாரமே எங்கள் ஆபீசுக்குத் தணிக்கைக்கு ஆள் வந்துவிட்டார். கொடுப்பவருக்கும் ஒரு தேவை உண்டு, அதை நிறைவேற்றி வைப்பவரே வாங்குபவர் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. என்னையே பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துப் பிச்சைக்காரர் கேட்டார்: "பாத்தீங்களா சார், நாங்க மட்டும் இல்லேன்னா இவங்கள்லாம் புண்ணியத்துக்கு எங்க போவாங்க?"

தடைக்காலத்துக் கும்பிடு

மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று கடலுக்குப் போகத் தடை போடும் காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணம் உண்டு. பேங்கில் நேராகப் போடும் வழக்கம் வருவதற்கு முன், மேடை போட்டுக் கொடுப்பார்கள். கோட்டுச்சேரிமேட்டில் அப்படி ஒரு மேடை. மைக் பிடித்தவர் ஆர்வக் கோளாறு. ஒவ்வொருவரையும், "மேடையைப் பார்த்துக் கும்பிட்டு வாங்கிக்கிட்டுப் போகவும்" என்று முழங்கிக்கொண்டிருந்தார். அஞ்சலை என்று ஒரு அம்மா, மீன் கூடை சுமந்து உச்சந்தலை சப்பையானவர், முறை வந்ததும் மேடையேறினார். வாங்கினார். கும்பிடவில்லை. இறங்கப் போனவரை மைக்குக்காரர் நிறுத்தினார்: "கும்பிடும்மா!"

மேரி வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேர்த்து நின்ற வரிசையையும், இந்த அஞ்சலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் தொழிலின் சரித்திரம் பூராவும் அதற்குள் அடக்கம். தர்மம் என்று கொடுத்தது, உரிமை என்று ஆன கதை. அன்று மேடை ஓரத்தில் நின்ற எனக்கு மார்பு அரை அடி விரிந்தது. சட்டைப் பித்தான் தெறித்தது உண்மை, கடலில் போய் விழுந்தது என்பது பக்கிரிசாமி சேர்த்துக்கொண்டது. அஞ்சலை மைக்கையே பார்த்துச் சொன்னார்: "கடலுக்குப் போகாதன்னு சொன்னது நீங்க, போகாம இருந்தது நாங்க. இதுல கும்பிடு எங்கேருந்து வந்துச்சு?"

பொறந்தநாள் கேக்கு

இப்போதைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள், கல்யாண நாள் என்றால் முதியவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவது. நல்ல வழக்கம். கூடவே படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது கெட்ட வழக்கம். எங்கள் சுவரில், 'சோறு போடலாம், போட்டோ எடுக்கக் கூடாது' என்று எழுதியே வைத்திருக்கிறேன். ஆனால் மனை விற்கும் அன்பர் ஒருவர் எங்கள் கமிட்டிக்காரர் ஒருவரின் சம்பந்தி. நான் டவுனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கேமராவோடு நுழைந்துவிட்டார். மூன்றடுக்குக் கேக்கு. கேக்கு வெட்டாமல் சோறு இல்லை, பாட்டுப் பாடாமல் கேக்கு இல்லை, படம் சரியாக விழாமல் பாட்டு முடிவதும் இல்லை. நான் மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே ஓடி வந்தபோது பாயசத்தில் ஏடு கட்டியிருந்தது.

ஜோஸ்பின் அம்மா, நல்லவேளை, சுவர்ப் பக்கம் திரும்பித்தான் இருந்தார். முகம் விழவில்லை. ஆனால் ஒரு படத்தின் மூலையில், நீலப் பூத் தட்டும் அதைப் பிடித்திருந்த கையும் விழுந்துவிட்டது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 'இன்னும் ஒரே ஒரு படம், எல்லாரும் சிரிச்சுக் கை தட்டுங்க' என்று அன்பர் கெஞ்ச, காத்தமுத்து இலையிலிருந்து தலையைத் தூக்கினார்: "தம்பி, பொறந்தது நீங்க. அதுக்கு எங்கள ஏன் சாகடிக்கிறீங்க?"

பாரீஸ் போன்

படம் வாட்ஸப்பில் கிளம்பிக் கடல் தாண்டியது. பாரீஸில் கிளேர் பார்த்தாள். கிளேர், அந்தத் தம்பியின் மகள். ஜோஸ்பின் அம்மா அவளுக்குப் பெரியம்மா முறை. நீலப் பூத் தட்டுகள் குடும்பத்துச் சொத்து. பாகம் பிரித்தபோது அண்ணனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. உடனே போன். "பெரியம்மா, நம்ம வீட்டுத் தட்டு அந்த நெடுங்காட்டு ஹோம்ல எப்படி?" இந்த அம்மாவும் அசரவில்லை. "நான்தானே அங்க மேற்பார்வை!" என்றிருக்கிறார். அவ்வளவுதான், "விடுமுறைக்கு வரப்ப நான் வந்து பாக்கணும்" என்று கிளேர் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஜோஸ்பின் அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். "நாளையிலேருந்து நான் வரலீங்க" என்றார். "ஆய்வுக்கு ஆள் வர்ற நேரத்துல மேற்பார்வை லீவு போட்டா உத்தியோகம் என்னத்துக்கு ஆகும்?" என்று மல்லுக்கட்டி உட்கார வைத்தேன். சிக்கல் என்னவென்றால், அவர் சங்கதியை நான் யாரிடமும் சொல்லக் கூடாது. அது எங்கள் தொழிலின் முதல் சத்தியம். சொல்லாமல் ஒத்துழைப்பும் கேட்க முடியாது. 'மதாமோட மேற்பார்வையைப் பாக்கப் பாரீஸ்லேருந்து சொந்தக்காரங்க வர்றாங்க' என்று மட்டும் பந்தியில் அறிவித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். காத்தமுத்து மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டு, நாற்காலி கிடக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கிரிசாமி என் காதோரம் வந்தார்: "எல்லார் வாயையும் கட்டிடலாம் சார். காத்தமுத்து வாயக் கட்ட நெடுங்காட்டு வைக்கோல் அத்தனையையும் பிரி திரிச்சாலும் பத்தாது."

ஆய்வு நாள்

கிளேர் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், பருத்திச் சேலை, நல்ல தமிழ், நடுநடுவே நன்றிக்கு 'மெர்சி'. பக்கிரிசாமி பெட்டியிலிருந்து பழைய வெள்ளைச் சீருடையையும் சிவப்பு டவாலியையும் எடுத்து மாட்டிக்கொண்டு, கரண்டியோடு சல்யூட் அடித்தார். ஜோஸ்பின் அம்மா முன்னால் நடக்க, நாங்கள் பின்னால். 'இந்த ஜன்னல்ல தூசி', 'அந்தப் பானை மூடி எங்க?' என்று அவர் கேட்ட கேள்விகளுக்குப் பக்கிரிசாமி நிஜமாகவே நடுங்கினார். நான் என் பங்குக்கு அவிழ்த்துவிட்டேன். மதாம் அரிசியில் கல் இருப்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார் என்றேன். போன மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வந்தபோது மதாம் வாசலில் நின்று ஒரு அதட்டுப் போட, தண்ணீர் பக்கத்து வயலுக்குத் திரும்பிவிட்டது என்றேன். கிளேர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரித்து முடித்தவள், பந்தியில் முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் சட்டென்று குனிந்தாள். அவர்தான் காத்தமுத்து. "நீங்க சொல்லுங்கய்யா. எங்க பெரியம்மா உங்களையெல்லாம் நல்லா பாத்துக்கிறாங்களா?" ஜோஸ்பின் அம்மாவின் விரல்கள் கைப்பை வாரை இறுக்கின. எனக்கு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. காத்தமுத்து அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு அடுப்படி ஓரத்து நாற்காலியைப் பார்த்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "மொத சோறு அவங்க வாயில போகாம எங்க எலையில ஒரு பருக்கை விழுந்ததில்லம்மா. கவனம் செதறிடும்னு எங்க பக்கம் திரும்பக்கூட மாட்டாங்க, செவுத்தப் பாத்து உக்காந்துதான் ருசி பாப்பாங்க. அவங்க சரின்னாத்தான் எங்களுக்குச் சோறு."

அடுத்த நாள் பந்தி

காத்தமுத்து சொன்ன ஒவ்வொன்றும் நடந்ததுதான். காரணத்தை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தார். இத்தனை வருஷம் புளுகியே பேர் வாங்கிய நான், உண்மையை அந்த அழகில் அடுக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கிளேருக்குக் கண் நிறைந்துவிட்டது. காரில் ஏறும்போது பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எப்பவும் குறை சொல்லிக்கிட்டே இருப்பாரு. பெரியப்பா இங்கயே இருந்தது சரிதான் பெரியம்மா" என்றாள். ஜோஸ்பின் அம்மா, கார் திரும்பி மறைந்த பிறகும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு மட்டும் இன்னும் கொஞ்சம் நேராகியிருந்தது.

மறுநாள் வருவாரோ மாட்டாரோ என்று நான் வாசலிலேயே நின்றேன். அதே பஸ், அதே கைப்பை. தட்டை எடுத்தார், சோற்றை வாங்கினார். பக்கிரிசாமி வழக்கம் போல நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். அதை ஜோஸ்பின் அம்மா கவனிக்கவே இல்லை. நேராகப் பந்திக்கு வந்து, பெஞ்சில் காத்தமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் நகர்ந்து இடம் விட்டார். யாரும் சாப்பிடவில்லை, மதாம் வாயில் முதல் சோறு போகட்டும் என்று பந்தி முழுக்கக் காத்திருந்தது. பிசைந்தார், வாயில் போட்டார், முகத்தைச் சுளித்தார். "காத்தமுத்து, சாம்பார்ல உப்பு பத்தல. போய்ச் சொல்லுங்க." காத்தமுத்து இலையை விட்டு நிமிரவில்லை. "மேற்பார்வை நீங்க. நான் வெறுமன சாப்பிட வந்தவங்க." ஜோஸ்பின் அம்மா இரண்டாவது கவளத்தைப் பிசைந்துகொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நானும்தாங்க."

கம்பளி, கும்பிடு, கேக்கு எல்லாவற்றையும் தாண்டி எங்கள் தொழில் கடைசியில் வந்து சேர்ந்திருக்கும் இடம் நெடுங்காட்டில் ஒரே ஒரு பந்தி, அங்கே இப்போது சாப்பிட வருகிற அத்தனை பேரும் மேற்பார்வையாளர்கள், ஆனாலும் சாம்பாரில் இன்னும் உப்பு பத்தவில்லை.